நாம் தேதி மாற்றுவது வேறு, அவர்கள் ரத்து செய்வது வேறு: காவிரி டெல்டா பயணத்தில் ஒரு விமானச்சீட்டு

2024ஆம் ஆண்டு நவம்பரில் திருவிடைமருதூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, நியூஜெர்சிக்குத் திரும்ப வேண்டிய என் விமானச்சீட்டு இரண்டு முறை தேதி மாறியது. முதல் முறை அம்மாவின் கண் அறுவைக்காக நானே மாற்றினேன். இரண்டாம் முறை ஃபெஞ்சல் புயலின்போது விமான நிறுவனம் பயணத்தை ரத்து செய்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் முதலாவதில் நாம் வாங்கிய கட்டணத்தின் நிபந்தனைகள் பேசுகின்றன. இரண்டாவதில் பயணியின் உரிமை பேசுகிறது. இந்த வேறுபாடு தெரியாமல் நம் உறவினர்கள் பலர் பணத்தை விட்டுவிடுவதைப் பார்த்திருப்பதால், நடந்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்யக் கும்பகோணத்தில் நாள் குறித்திருந்தோம். அன்று காலை சர்க்கரை அளவு கூடியிருந்ததால், மருத்துவர் ஒரு வாரம் தள்ளிவைத்தார். அறுவைக்குப் பின் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். ஆகவே என் திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை. வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகச் சென்னைக்கு வந்துபோகும் சீட்டு அது. விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியாக எடுத்திருந்தேன்.

சீட்டின் நிபந்தனையில் “மாற்றக் கட்டணம் இல்லை” என்று இருந்தது. இதைப் படித்தவுடன் மாற்றுவது இலவசம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். மாற்றக் கட்டணம் என்பது தேதியை மாற்றித் தருவதற்கான தண்டத்தொகை மட்டுமே. அதற்கு மேல், புதிய தேதியில் அதே இருக்கை என்ன விலைக்கு விற்கிறதோ அந்த விலைக்கும் நாம் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்ட வேண்டும். எகானமி இருக்கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும், கே, எல், கியூ என்று ஓர் எழுத்தால் குறிக்கப்படும் கட்டண வகுப்புகளாகப் பிரித்தே விற்கப்படுகின்றன. நாம் வாங்கிய எழுத்து புதிய தேதியிலும் திறந்திருந்தால் வேறுபாடு பெரும்பாலும் ஒன்றுமில்லை, அல்லது மிகக் குறைவு. அந்த எழுத்து விற்றுத் தீர்ந்திருந்தால் அடுத்த உயர்ந்த வகுப்பின் விலைக்குப் போக வேண்டும். கடைசி நேரத்தில் அது சீட்டின் மொத்த விலையையே நெருங்கிவிடுவதும் உண்டு. ஆகவே “மாற்ற எவ்வளவு ஆகும்?” என்று கேட்பதைவிட, “என் வகுப்பு எந்தெந்தத் தேதியில் திறந்திருக்கிறது?” என்று கேட்பதே பயன்தரும்.

அந்தக் கேள்விக்குக் கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு அருகிலுள்ள சிறிய டிராவல்ஸ் அலுவலகம் ஒன்றில் பதில் கிடைத்தது. அங்கே பணிபுரியும் பெண் என் சீட்டின் அச்சுப் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு, “நீங்க வெப்சைட்ல எடுத்திருக்கீங்க சார், இதை நாங்க தொட முடியாது. ஆனா எந்தத் தேதியில உங்க கிளாஸ் இருக்குன்னு பார்த்துச் சொல்றேன்” என்றார். படங்களோ பொத்தான்களோ இல்லாத, எழுத்துகளும் எண்களும் மட்டுமே நிறைந்த திரையில் ஒரு வரியைத் தட்டினார். ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் ஒன்பது, நான்கு, சுழியம் என்று எண்கள் வந்தன. வெள்ளிக்கிழமை என் எழுத்துக்கு நேரே சுழியம். டிசம்பர் 1, ஞாயிறு அதிகாலை விமானத்தில் நான்கு. அதை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொடுத்தார். அன்று மாலையே நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தத் தேதிக்கு மாற்றினேன். வேறுபாட்டுத் தொகை எதுவும் கேட்கப்படவில்லை. தமக்கு ஒரு ரூபாய்கூட வருமானம் இல்லாத வேலைக்கு அவர் செலவிட்ட நேரத்தை நன்றியோடு குறிப்பிட விரும்புகிறேன். அவர் சொன்ன முதல் வாக்கியம் முக்கியமானது. பொதுவாகச் சீட்டை யார் வழங்கினாரோ அவரே அதை மாற்ற முடியும். நேரடியாக எடுத்தது நிறுவனத்தின் கையில்; முகவரிடம் எடுத்தது முகவரின் கையில்; பல நிறுவனங்களின் சீட்டுகளை விற்கும் இணைய வலைவாசலில் எடுத்தது அந்த வலைவாசலின் கையில். அவசர காலத்தில் விமான நிலையக் கவுன்ட்டரில் போய் நின்றால், “எடுத்த இடத்திலேயே கேளுங்கள்” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானங்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஊரில் நாம் “சனிக்கிழமை ராத்திரி ஃபிளைட்” என்று சொல்வது சீட்டில் ஞாயிற்றுக்கிழமையின் தேதியில் இருக்கும். தேதி மாற்றும்போதும் ரயிலுக்கு முன்பதிவு செய்யும்போதும் சீட்டிலுள்ள தேதியையே பேச வேண்டும்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அந்த வாரத்தில் மழை தொடங்கியது. நவம்பர் 26, 27 தேதிகளில் நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் பகுதிகளில் சம்பா வயல்களில் நீர் நின்றது. நவம்பர் 30 அன்று புயல் புதுச்சேரியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, சென்னை விமான நிலையம் நண்பகலையொட்டி மூடப்பட்டு, மறுநாள் அதிகாலை வரை சேவை நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நான் சென்னைக்குப் புறப்பட ஆயத்தமாக இருந்த நேரத்தில் கைபேசிக்குச் செய்தி வந்தது: என் விமானம் ரத்து.

செயலியைத் திறந்தபோது இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று, சில நாள் தள்ளி, நடுவழியில் நீண்ட நேரம் காத்திருக்கும்படியான ஒரு மாற்றுப் பயணத்தை “ஏற்கிறேன்” என்று சொல்வது. மற்றொன்று, தொகையை அந்த நிறுவனத்திலேயே பின்னர் பயன்படுத்தும் வரவாக மாற்றிக்கொள்வது. பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பு திரையில் எங்குமே இல்லை. இரண்டையும் தொடாமல் விட்டேன், ஏனெனில் ஏற்றுக்கொண்ட பின் உரிமை போய்விடும். 2024 அக்டோபர் 28 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்காவுக்கு வரும், அங்கிருந்து புறப்படும் விமானத்தை நிறுவனம் ரத்து செய்தாலோ, சர்வதேசப் பயணத்தில் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ நேரத்தை மாற்றினாலோ, மாற்று ஏற்பாட்டை ஏற்காத பயணிக்குப் பயன்படுத்தாத பகுதியின் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். காரணம் புயலாக இருந்தாலும் இது பொருந்தும். திருப்பித் தர முடியாதது என்று முத்திரை குத்தி விற்ற சீட்டுக்கும் பொருந்தும். கடன் அட்டையில் கட்டியிருந்தால் ஏழு வேலை நாளுக்குள் தர வேண்டும்.

இந்திய விதியும் இந்த அடிப்படையில் பயணியின் பக்கமே நிற்கிறது. நிறுவனம் ரத்து செய்தால் மாற்று விமானமா, பணமா என்பதைப் பயணிதான் முடிவு செய்வார். பணத்தை வரவாக வைத்துக்கொள்வதும் பயணியின் விருப்பமே. முன்கூட்டித் தெரிவிக்காமல் ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 10,000 ரூபாய் வரை இழப்பீடு தனியாக உண்டு. ஆனால் புயல், வெள்ளம் போன்றவற்றில் அந்த இழப்பீடு கிடையாது. இழப்பீடு இல்லை என்பதைப் பணமே திரும்பாது என்று புரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிடுபவர்கள் நிறையப் பேர். இரண்டும் வெவ்வேறு.

தொலைபேசியில் கிடைத்த ஊழியர் முதலில் வரவு மட்டுமே தர முடியும் என்றார். ரத்து செய்தது நிறுவனம்தான் என்பதையும், மாற்று ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை என்பதையும் பதிவில் குறித்துவிட்டு மேலதிகாரியிடம் கேட்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டேன். காத்திருந்த பின், பணம், வேறு தேதி இரண்டுமே சாத்தியம் என்றார். நான் பணத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாம் பல மாதங்களுக்கு முன் கொடுத்த விலைதான் திரும்பி வரும். புயலுக்கு மறுநாள் புதிதாக வாங்கும் சீட்டின் விலை அதைவிட மிக அதிகம். அமெரிக்க விதி பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறதே தவிர, வேறு விமானத்தில் ஏற்றியனுப்பச் சொல்வதில்லை. அது நிறுவனத்தின் பயண ஒப்பந்தத்தையும் அந்நேரத்து அறிவிப்பையும் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் மாற்றுப் பயணம் கேட்பதும் சட்டப்படியான உரிமை என்பதை லண்டன், பாரிஸ் உறவினர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். புயலுக்காக நிறுவனம் தன் தளத்தில் வெளியிட்டிருந்த பயணத் தளர்வைச் சுட்டிக்காட்டி, வேறுபாட்டுத் தொகை இல்லாமல் வசதியான ஒரு நாளுக்கு மாற்றிக்கொண்டேன். ஏதேனும் இயற்கைப் பேரிடர் வரும்போது இத்தகைய தளர்வுகளைப் பெரிய நிறுவனங்கள் வழக்கமாக அறிவிக்கின்றன. எந்தத் தேதிக்குள் மாற்றினால் செல்லும் என்பதையும் அதிலேயே குறிப்பிடுகின்றன.

இதற்கு நேர்மாறானது மயிலாடுதுறையிலிருக்கும் என் சித்தப்பா மகனுக்கு நேர்ந்தது. அதே சனிக்கிழமை மாலை சென்னையிலிருந்து டெல்லி செல்ல அவன் ஓர் இணைய வலைவாசலில் சீட்டு எடுத்திருந்தான். காலையில் தொலைக்காட்சியைப் பார்த்துக் கலங்கிய வீட்டார் சொன்னபடி, அவனே ரத்து செய்துவிட்டான். பிற்பகலில் விமான நிறுவனமும் அந்த விமானத்தை ரத்து செய்தது. சில மணி நேரம் பொறுத்திருந்தால் முழுத்தொகையும் கேட்டுப் பெற்றிருக்கலாம். தானே முந்திக்கொண்டதால் அது பயணி செய்த ரத்தாகவே கணக்கில் ஏறியது. பேரிடர் நேரத்தில், விமானம் பறக்காது என்று உறுதியாகத் தோன்றினாலும், நிறுவனத்தின் அறிவிப்பு வரும்வரை ரத்துப் பொத்தானைத் தொடக் கூடாது என்பதே என் திடமான கருத்து.

திருச்சியிலிருந்து சென்னைக்கு உள்நாட்டு விமானச் சீட்டைத் தனியாக எடுத்து, அங்கிருந்து வெளிநாட்டு விமானம் பிடிப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இரண்டும் ஒரே பி.என்.ஆர். என்னும் முன்பதிவு எண்ணில் இல்லையென்றால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. நாம் வராத பயணியாகவே கருதப்படுவோம். ஒரே சீட்டாக இருந்தாலோ வேறு சிக்கல் உண்டு: முதல் பகுதியில் ஏறாமல் காரில் நேராகச் சென்னைக்குப் போய்விட்டால், மீதிப் பயணம் முழுவதும் தானாகவே ரத்தாகிவிடும். உழவன் எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கும் பழைய வழியையே நான் இப்போதும் விரும்புகிறேன். ஆனால் அதிலும் ஓர் இரவை முன்கூட்டி ஒதுக்கிவைக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகவிருந்த மாமாவின் சீட்டில் பெயர்ச் சிக்கல் வந்தது. அவருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் வெறுமையாக இருக்க, சீட்டில் இனிஷியல் மட்டும் ஏறியிருந்தது. நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக எடுத்த சீட்டு என்பதாலும், அன்றே சுட்டிக்காட்டியதாலும் கட்டணமின்றித் திருத்தினார்கள். அவ்வாறு எடுத்த சீட்டில் அதே நபரின் பெயர்ப் பிழையை 24 மணி நேரத்துக்குள் சொன்னால் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அப்போதைய விதி. பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருந்தால், நேரடியாக எடுத்த சீட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவும் அது இடமளித்தது.

டெல்லிச் சீட்டைத் தானே ரத்து செய்த சித்தப்பா மகனுக்கு வலைவாசல் “திருப்பித் தர ஒன்றுமில்லை” என்று பதில் அனுப்பியது. இது சரியல்ல. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. அரசு வரிகளையும் விமான நிலையப் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் சலுகை விலைச் சீட்டுக்குக்கூடத் திருப்பித் தர வேண்டும். பயணி வராமலே போயிருந்தாலும் தர வேண்டும். முகவர் வழியாக எடுத்த சீட்டானாலும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே; அதற்கு அப்போது 30 வேலை நாள் அவகாசம் இருந்தது. பி.என்.ஆர்., ரத்து செய்த நேரம், சீட்டில் தனித்தனியே அச்சிட்டிருந்த வரித் தொகைகள் ஆகியவற்றைக் குறித்து முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதச் செய்தேன். பதில் வராததால், மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் அந்த மின்னஞ்சலையும் இணைத்துப் புகாரைப் பதிவு செய்தோம். நான் நியூஜெர்சி திரும்பிய பின் அவன் அழைத்துச் சொன்னான்: வலைவாசலின் சேவைக் கட்டணம் போக, வரியும் விமான நிலையக் கட்டணமும் அவன் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டன.