குரல் கேட்பவர்களுக்கு எந்த ஆதரவுக் குழு ஏற்றது?

யாருமில்லாத அறையில் ஒரு குரல் பெயர் சொல்லி அழைக்கிறது, திட்டுகிறது, சில நேரம் ஆறுதலும் சொல்கிறது. அதை வெளியே சொன்னால் எதிரே இருப்பவரின் பார்வையே மாறிவிடும் என்ற அச்சத்தில் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பவர்கள் உண்டு. அவர்கள் முதன்முதலாகப் பேசத் துணியும் இடம், அதே அனுபவம் உள்ளவர்கள் கூடும் குழுவாக இருப்பது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அத்தகைய குழுக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. உள்ளே போனபின் எதைப் பேசலாம், எதைப் பேச இடமில்லை என்பதில் அவை பெரிதும் வேறுபடுகின்றன. தேர்வும் அதைப் பார்த்துத்தான் அமைய வேண்டும்.

முதலில் குரல் கேட்போர் இயக்கத்தின் வழிவந்த குழுக்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மனநல மருத்துவராக இருந்த மாரியஸ் ரோமிடம் சிகிச்சை பெற்ற பாட்ஸி ஹாக் என்ற பெண், தம் குரல்களை வெறும் நோய் அறிகுறியாகப் பார்க்க மறுத்தார். இருவரும் 1987இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிப் பேசியபோது, தொடர்புகொண்ட குரல் கேட்பவர்கள் மட்டும் சுமார் 450 பேர். அவர்களுள் ஏறத்தாழ 150 பேர் குரல்களைச் சமாளித்தே வாழ்வதாகக் கூறியதுதான் ரோமைத் திகைக்க வைத்தது. பத்திரிகையாளர் சாண்ட்ரா எஷருடன் சேர்ந்து அவர் தொடர்ந்த பணியிலிருந்து இயக்கம் வளர்ந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனில் இதற்கான வலையமைப்பு தோன்றியது.

இக்குழுக்களின் அடிப்படை விதி, குரலுக்கான விளக்கம் அதைக் கேட்பவருடையது என்பதாகும். ஒருவர் அதை நோய் என்பார், ஒருவர் சிறுவயதுக் காயத்தின் எதிரொலி என்பார், இன்னொருவர் இறந்துபோன தாயார் பேசுகிறார் என்பார். யாரும் யாரையும் திருத்துவதில்லை. இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் ‘நீ உருப்பட மாட்டாய்’ என்று ஒரு குரல் சொல்வதாக ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். அருகில் இருப்பவர், ‘அந்தக் குரலுக்கு என்ன வயது இருக்கும்?’ என்று கேட்கிறார். அதுவரை அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. குரல் யாரைப் போல ஒலிக்கிறது, எப்போது முதலில் வந்தது, எந்தச் சூழலில் உரக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பேசப் பேச, அச்சத்தின் பிடி தளரத் தொடங்குகிறது. கையாளும் உத்திகளும் இங்கேதான் கைமாறுகின்றன: ‘இப்போது முடியாது, இரவு 8 மணிக்கு வா’ என்று குரலுக்கு நேரம் குறித்துச் சொல்வது, பேருந்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தால் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வது போன்றவை, அனுபவித்தவர்கள் மட்டுமே சொல்லித் தரக்கூடியவை.

இதற்கு எதிர்த்திசையில் நிற்பது, 1985இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜோஆன் வெர்பானிக் தொடங்கிய ஸ்கிசோஃப்ரினிக்ஸ் அனானிமஸ் வகைக் குழு. ஸ்கிசோஃப்ரினியா என்பது மனச்சிதைவு நோய். அவரும் அந்த நோயுடன் வாழ்ந்தவரே. மதுப் பழக்கத்திலிருந்து மீள்வோரின் படிமுறையை ஒட்டி ஆறு படிகளை வகுத்துக்கொண்ட இக்குழுவில், மனச்சிதைவு என்ற பெயரை ஏற்றுக்கொள்வதே தொடக்கம். முதல் மரபின்மீது பற்றுள்ளவர்கள் இதைக் குறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. தனக்கு நேர்வது ஒரு நோய், அது தன் குற்றமல்ல என்று உணர்வதே பலருக்குத் தோள்மேல் இருந்த சுமையை இறக்கிவைத்தது போன்றது. ஆனால் நோய்ப்பெயர் எதுவும் இல்லாமல் குரல் மட்டும் கேட்பவர், அங்கே தம் இடம் எது என்று தடுமாற நேரும். அத்தகையோர் சிலர் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது: 18 நாடுகளில் 31,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையேனும் இல்லாததைக் கண்ட அல்லது கேட்ட அனுபவம் உண்டு என்றவர்கள் 5.2 விழுக்காடு.

மூன்றாவதாக, உளவியலாளர் நடத்தும் சிகிச்சைக் குழுக்களையும் ஒப்பிட்டாக வேண்டும். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறையில் நடந்த இத்தகைய குழுக்களை 85 பேரிடம் சோதித்து 2005இல் வெளியான ஆய்வில், குரல்களின் தீவிரம் பொதுவாகக் குறையவில்லை. பிறரோடு பழகும் திறன் மேம்பட்டது. குரல் கேட்போர் குழுக்களுக்கான சான்றும் வலுவானது என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 101 பேரிடம் எடுத்து 2018இல் வெளியான கணிப்பில் பலரும் பயன் பெற்றதாகவே கூறினார்கள் என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. பிடிக்காமல் விலகியவர்களின் கருத்து இத்தகைய கணிப்புகளில் எளிதில் விடுபட்டுவிடும். எனவே எண்களைக் கொண்டு ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த வழியில்லை. சிகிச்சைக் குழு சில வாரங்களில் முடிந்துவிடும். சக அனுபவக் குழுவுக்கு முடிவுத் தேதி கிடையாது. எனக்கு இந்த வேறுபாடே முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் குரல்களும் தவணை வைத்துக்கொண்டு வருவதில்லை.

இணையவழிக் குழுக்கள் நள்ளிரவில் குரல் உரக்கும்போது கைக்கெட்டுபவை, முகம் காட்டாமல் பேச இடம் தருபவை. ஆனால் பேச்சை நிதானப்படுத்தப் பயிற்சி பெற்றவர் இல்லாத இடத்தில், ஒருவரின் அச்சம் இன்னொருவருக்குத் தொற்றிவிடும். முதல் அடிக்கு அவை போதும். அதுவே ஒரே துணையாக நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீண்ட காலம் வாய்மூடி இருந்தவருக்கும், குரலின் பொருளை அறிய விழைபவருக்கும் முதல் வகையையே நான் முன்வைப்பேன். நோய் என்ற விளக்கத்தில் நிம்மதி கண்டவரை அங்கிருந்து பெயர்த்தெடுக்க மாட்டேன். எந்த வகையானாலும், மருந்தை நிறுத்தும்படி வற்புறுத்தும் குழு தவறான குழு. மருந்தைக் கட்டாயம் விழுங்கச் சொல்லி மிரட்டுவதும் ஒரு குழுவின் வேலையல்ல. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும்படி குரல் கட்டளையிட்டு, அதற்கு இணங்கிவிடுவோமோ என்ற பயம் எழுந்தால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

உடன்வரும் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. பல குழுக்கள் உறவினரை உள்ளே அனுமதிப்பதில்லை. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அண்ணனோ மகளோ உங்கள் மனம் நோகுமே என்று இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் அங்கே சொல்லப்போகிறார்கள். வெளியே வந்ததும் ‘என்ன பேசினார்கள்?’ என்று கேட்காமல், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.