என்ஜின்எக்ஸை நிறுத்திப் பார்த்தால்

வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் எவ்வளவு வேகம் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சர்வர் பார்த்துக்கொள்கிற எனக்கு வேறு கவலை: வேலை நடந்துகொண்டிருக்கும்போது நிறுத்தச் சொன்னால் ஒழுங்காக நிற்குமா?

நிற்கும், ஓடும் புரோகிராமுக்கு அனுப்புகிற சிக்னல்களில் சரியானதை அனுப்பினால். குவிட் என்ற சிக்னலை அனுப்பினால் புது இணைப்பு எதையும் ஏற்காது. கையில் இருக்கும் ரிக்வெஸ்ட்டுகளை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வொர்க்கர்கள் (வேலையைச் செய்யும் புராசஸ்கள்) வெளியேறும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே நிற்பவர்களுக்கு மட்டும் பில் போடுகிற கடை மாதிரி. டெர்ம் என்ற இன்னொரு சிக்னலை அனுப்பினாலோ, பாதி டவுன்லோடு அப்படியே அறுந்துபோகும்.

வில்லங்கம் இங்கேதான். லினக்ஸில் புராசஸை நிறுத்தும் கில் கட்டளை, எந்தச் சிக்னல் என்று நாம் சொல்லாவிட்டால் அனுப்புவது டெர்ம். மென்பொருளைக் கன்டெய்னரில் அடைத்து ஓட்டும் டாக்கரும் அப்படியே, அனுப்பிவிட்டு 10 விநாடி பொறுக்கும், அப்புறம் ஒரே போடு. என்ஜின்எக்ஸின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் (கன்டெய்னருக்கான அச்சில்) குவிட் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். நீங்களே இமேஜ் கட்டினால் அந்த வரியை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். போதாக்குறைக்கு, பின்னால் ஓடும், பைதான் ஆப்களுக்கான சர்வரான ஜியூனிகார்னில் எல்லாம் தலைகீழ்: அங்கே டெர்ம் என்றால் நிதானம், குவிட் என்றால் அவசரம். ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ரீலோடு, அதாவது நிறுத்தாமலே கான்ஃபிக்கை (அமைப்புகளை) மறுபடி படிக்கச் சொல்வது. கான்ஃபிக் ஃபைலில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் பதறாது. பழைய கான்ஃபிக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சரியாக இருந்தால் புது வொர்க்கர்களை எழுப்பிவிட்டு, பழையவற்றை மெதுவாக அனுப்பிவைக்கும். வெப்சாக்கெட் (திறந்தே இருக்கும் இணைப்பு) வழியே சாட் நடக்கும் தளத்தில் மட்டும் இந்தப் பெருந்தன்மை தொல்லை. யாரோ டேபைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். அவருக்காகப் பழைய வொர்க்கர் மெமரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையைப் போட்டால் ‘ஷட்டிங் டவுன்’ என்று வரிசையாக நிற்கும். 1.11.11 பதிப்பில் வந்த வொர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட் (பழைய வொர்க்கருக்குக் கெடு வைக்கும் அமைப்பு) இதற்கு மருந்து. ஆனால் கான்ஃபிக்கில் நாமே எழுதினால்தான் வேலை செய்யும். 30 விநாடி வைத்தால் டாக்கரின் 10 விநாடியையும் அதற்கு மேல் உயர்த்துங்கள், இல்லாவிட்டால் எழுதியும் பலனில்லை.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது, குவிட் வந்ததுமே கதவைச் சாத்திவிடுவதற்காக. முன்னால் நின்று ரிக்வெஸ்ட்டுகளைப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சருக்கு விஷயம் தெரிவதற்குள் சில ரிக்வெஸ்ட்டுகள் மூடிய கதவில் முட்டிக்கொள்ளும். குபர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கருவி) பயன்படுத்துகிற நாங்கள், நிறுத்தும் சிக்னலுக்கு முன் ஓடும் ப்ரீஸ்டாப்பில் ஐந்து விநாடி தூக்கம் போட்டுச் சமாளிக்கிறோம்.