கப்பன் பூங்காவில் ஒரு ஞாயிறு: பேரப்பிள்ளைகளோடு போய்வந்தேன்

சேலத்திலிருந்து பேரப்பிள்ளைகள் விடுமுறைக்குப் பெங்களூர் வந்திருக்கிறார்கள். பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஐந்து. அல்சூரில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கப்பன் பூங்கா. எம்.ஜி. ரோடு தாண்டியதும் மேம்பாலத்தில் வந்த ரயில் சரிந்து சுரங்கத்துக்குள் நுழையும். வெளிச்சம் சட்டென்று மறைந்ததும் சின்னவன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். மேலே ஏறி வந்த பிறகும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். அன்று பூங்காவுக்குள் வாகனங்களை விடுவதில்லை. மற்ற நாட்களில் காரும் ஆட்டோவும் விரையும் சாலையில் பிள்ளைகள் நடுவிலேயே ஓடலாம். ஏழரை மணிக்குப் போனோம். சைக்கிள் பழகும் சிறுவர்கள், நாய்களோடு நடப்பவர்கள், கைத்தடியோடு வரும் பெரியவர்கள் என்று சாலை முழுக்க மனிதர்கள். இந்த நகரத்தில் குழந்தையின் கையை விட்டுவிட்டு நிம்மதியாக நடக்க எனக்குத் தெரிந்த இடம் இது ஒன்றுதான்.

1870-இல் சாங்கி என்ற பொறியாளரின் பொறுப்பில் உருவான பூங்கா. முதலில் மீட் பூங்கா என்று பெயர். 1927-இலிருந்து அரசு ஏட்டில் ஸ்ரீ சாமராஜேந்திர பூங்கா. எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. சுமார் முந்நூறு ஏக்கர் என்பதால் ஒரே நாளில் சுற்றி முடிக்க நினைக்காதீர்கள், பிள்ளைகளின் கால் தாங்காது.

பணம் கொடுத்து ஏறும் விளையாட்டுகளுக்கு முன்னால் பாறைகளிடம் கூட்டிப்போங்கள். பூங்கா போடுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே கிடந்த கருங்கல் பாறைகள், புல்லுக்கு நடுவே யானை முதுகு போல எழுந்து நிற்கின்றன. பேத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். தம்பிக்கு எங்கே கால் வைக்க வேண்டும் என்று மேலிருந்து சொல்லிக்கொடுத்தாள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. பக்கத்து மூங்கில் புதர்களின் நிழல் வெயில் ஏறிய பிறகும் குளிர்ச்சியாக இருந்தது. காற்றில் மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிரீச்சிடும் சத்தத்தைக் கேட்டு, "பாட்டி, கதவு திறக்குது" என்றான் சின்னவன்.

பிறகு பால பவன். ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் உண்டு என்றாலும் பிள்ளைகள் போவது குட்டி ரயிலுக்காகத்தான். அதன் பெயர் புட்டாணி எக்ஸ்பிரஸ். கன்னடத்தில் புட்டாணி என்றால் பொடிசு. மரங்களுக்கிடையே மெதுவாகச் சுற்றி வரும். என் மகளைச் சிறுவயதில் இதே ரயிலில் ஏற்றியிருக்கிறேன், இப்போது அவள் பிள்ளைகள். ஐந்து வயதுக்காரனுக்கு அது முழுமையான பயணம், இறங்கவே மனமில்லை. ஒன்பது வயதுக்காரிக்கு ஒரு சுற்று போதும். பராமரிப்புக்காக நிறுத்திவைக்கும் நாட்களும் உண்டு. ஓடுகிறதா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பெரிய பிள்ளைகளுக்கு உகந்தது கஸ்தூரிபா சாலையில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1965-இல் திறக்கப்பட்டது. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் இயங்கும், கைப்பிடியைச் சுழற்றினால் விளக்கு எரியும். ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்த விமானத்தின் முழு அளவு மாதிரியும் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்காரர் நின்றது மாருத் போர் விமானத்தின் முன்னால். 1961-இல் முதன்முதலாகப் பறந்தது. இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம், பிறந்தது இதே பெங்களூரில். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த காலத்தில் இதே ரக விமானத்தில் கை வைத்து வேலை செய்தவர். பேத்தியைத் தூக்க முடியாத வயதில் அவளைத் தோளோடு சேர்த்து அணைத்து, இறக்கையில் ஆணி வரிசை ஓடும் இடத்தை விரலால் காட்டினார். "இதெல்லாம் நீங்க அடிச்சதா தாத்தா?" என்று கேட்டாள். "இது இல்லைம்மா, இதோட கூடப்பிறந்தது" என்றார். அந்தப் பதிலுக்காகவே நான் மறுபடியும் டிக்கெட் எடுப்பேன்.

வெளியே நடைபாதையில் சோப்புக் குமிழி விடும் துப்பாக்கி வாங்கினோம். பத்து நிமிடத்தில் உடைந்தது, சின்னவன் அழுதுவிட்டான். அதை வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்று வாங்கலாம்.

காலையிலேயே வீட்டில் இட்லி கொடுத்து அழைத்துப் போனதால் பசி என்ற பேச்சு மதியம் வரை எழவில்லை. தண்ணீர் மட்டும் தாராளமாக எடுத்துப் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மாற்று உடை ஒன்றும் இருக்கட்டும். பாறையில் சறுக்கிய நிக்கர் எங்கள் வீட்டில் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.