வீடு தேடி வரும் மாத்திரையும் வெட்டப்பட்ட அட்டையும்

தம் தந்தையின் பெயரை மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பதியலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். என் தாயார் சில ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இத்திட்டத்தின் வழியாகவே மாத்திரை பெற்று வருகிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இது தொடங்கப்பட்டதும், 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்ததும் பலரும் அறிந்தவை; எங்கள் வீட்டு வாசலில் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தாயார் மாலை வரை பட்டினி விரதம் இருந்துகொண்டே காலையில் சர்க்கரைக்கான கிளிபிசைடு மாத்திரையை வழக்கம்போல் விழுங்கி வந்திருக்கிறார். உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டிய அம்மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவருக்கும் எனக்கும் தெரியாத இதை, அதே பெருமாள் கோயிலில் துளசி தீர்த்தம் வாங்க நிற்கிற அந்தப் பெண், இரத்த அழுத்தம் பார்க்கையில் "பெரியம்மா, சனிக்கிழமை மாத்திரையை என்ன பண்றீங்க?" என்று கேட்டு அறிந்து, கிராம சுகாதாரச் செவிலியரிடம் அன்றே தெரிவித்தார். வெளியூர் ஆள் எவருக்கும் இக்கேள்வி தோன்றியிராது.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. மாத்திரை அட்டைகள் கணக்குப் பார்த்துக் கத்தரிக்கப்பட்டு வருவதால், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் வேறொருவர் வீட்டுக்குப் போகிற துண்டில் தங்கிவிடுகின்றன. எங்களுக்கு வருகிற இரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின், கிளிபிசைடு இரண்டும் சிறிய வெள்ளை வட்ட மாத்திரைகள். கண்புரை உள்ள தாயார் அவற்றை எப்படிப் பிரித்தறிவார்? தன்னார்வலர் பழைய நாட்காட்டித் தாளில் தனித்தனியாக மடித்து, மேலே பேனாவால் "சோத்துக்கு முன்", "பிரஷர்" என்று எழுதித் தருகிறார். அந்தத் தாளும் அவர் வீட்டிலிருந்து கொண்டுவருவதே.

ஊராட்சித் தலைவர் தலைமையில் ஒவ்வோர் ஊரிலும் கிராம சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்பதும், அக்குழு ஊரின் தேவையை அறிந்து செலவிட ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிதி என்பதும் 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் ஏற்பாடு. அதில் சில நூறு ரூபாய்க்குக் காகித உறை வாங்கலாமே என்று அக்டோபர் 2 கிராம சபையில் கேட்டேன். அது பிளீச்சிங் பவுடருக்கான பணம் என்று பதில் வந்தது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை. தங்கள் மருத்துவத்தைத் திட்டமிடுவதிலும் மக்கள் பங்கேற்க வேண்டும் என்று 1978இலேயே உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா ஆட்டா சுகாதாரப் பிரகடனம் சொல்லிவிட்டது. எங்கள் ஊரிலோ மாத்திரை சுமக்க ஊர்ப்பெண் வேண்டும், முடிவெடுக்க ஊரார் வேண்டாம்.

நேற்று வந்த அட்டைகளும் அப்படியே வெட்டப்பட்டிருந்தன. ஆகவே எங்கள் ஊரில் நடக்கிற இம்முறையை நல்ல முறை என்று சொல்ல இன்று எனக்கு மனம் வரவில்லை. நண்பரே, தந்தையின் பெயரை அவசியம் பதியுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் மாத்திரை வந்ததும் தன்னார்வலர் கிளம்புவதற்குள் எது எதுவென்று கேட்டு, உறையில் நீங்களே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.