டிசம்பர் சீசனுக்கு ஆள் அனுப்பும் டர்பன் ஏஜென்சி: ஐந்து வாரம் போய்வந்த அனுபவம்

எனக்கு 67 வயது, தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். முதியோர் உதவித்தொகையாக மாதம் சுமார் 2,300 ராண்ட் வந்தது, மின்சார டோக்கன், அரிசி, பருப்பு என்று இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடும். அதனால் பண்டிகைக் காலத்துக்குக் கடைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியில் போன நவம்பரில் பெயர் கொடுத்தேன். அவர்கள் பெயரை எழுதப் போவதில்லை, ஆனால் இதே மாதிரி இடங்களுக்குப் போக நினைக்கும் பெரியவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போனதுமே பதிவுக் கட்டணம் 150 ராண்ட் கேட்டார்கள். கொடுக்காதீர்கள். வேலை தேடி வருகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது என்று 2014 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைச் சட்டமே சொல்கிறது. தொழிற்சங்கத்தில் இருந்த பக்கத்து வீட்டு அண்ணன் இதை முன்பே சொல்லி அனுப்பியிருந்தார், நானும் அப்படியே சொன்னேன், "சரி ஆன்ட்டி, விடுங்க" என்று ஃபாரத்தை வாங்கிக்கொண்டார்கள். என் முன்னால் நின்ற அம்மா கொடுத்துவிட்டார், அது இன்னும் மனதை உறுத்துகிறது.

வேலை ஒரு மாலில் பரிசுப் பொருள் சுற்றிக் கொடுப்பது, திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஆறு மணி நேரம். அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட், அதுதான் கொடுத்தார்கள், வாரத்துக்கு 863.70. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதலில் என்னை ஊரின் மறு முனைக்கு அனுப்பினார்கள், இரண்டு ஷேர் டாக்சி மாறிப் போய்வர நாளுக்கு 80 ராண்ட், அதாவது வாரத்தில் 400 ராண்ட் வழியிலேயே போயிற்று! பாதிச் சம்பளம் போல. ஏஜென்சியில் இருந்த ஒரு பெண் பிள்ளையிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன், பாவம், அவள் புரிந்துகொண்டு இரண்டாம் வாரமே சாட்ஸ்வொர்த்துக்குள் ஒரு கடைக்கு மாற்றிக் கொடுத்தாள். அவளுக்காகத்தான் இவர்களுக்கு நல்ல மதிப்பெண். வேலை ஒப்புக்கொள்ளும் முன் கடை எங்கே என்று கேட்டுவிடுங்கள்.

கடையில் பழகியவர்கள் எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஆனால் உட்கார ஸ்டூல் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் நாளே கேட்டு வாங்குங்கள், நான் நான்காம் நாள்தான் கேட்டேன், கேட்டதும் தந்தார்கள்.

சம்பளச் சீட்டை ஒவ்வொரு வாரமும் பாருங்கள். டிசம்பர் 16 அரசு விடுமுறை, அன்று போனதற்கு இரட்டைக் கூலி சரியாக வந்தது. 21 ஆம் தேதி ஞாயிறு, கூட்டம் தாங்காமல் கூப்பிட்டார்கள், போனேன், அதற்கு வெறும் 172.74 மட்டும் வந்தது. வழக்கமாக ஞாயிறு வேலை இல்லாதவர் ஞாயிறு போனால் இரட்டிப்பு தர வேண்டும், 345.48. (வழக்கமாகவே ஞாயிறு வேலை என்றால் ஒன்றரை மடங்கு.) இரண்டு முறை போனில் கேட்டேன், இழுத்தார்கள். சிசிஎம்ஏ என்ற தொழில் தகராறு தீர்க்கும் அமைப்பில் புகார் கொடுக்கக் காசு வேண்டாம், அங்கே போகிறேன் என்றதும் அடுத்த வாரமே பாக்கி வந்தது. சம்பளப் பாக்கிக்குக் கடையும் ஏஜென்சியும் சேர்ந்தே பொறுப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

யுஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டுக்கு ஒரு சதவீதம் பிடித்தார்கள், அது சட்டப்படிதான். வருமான வரி பற்றிப் பயம் வேண்டாம், 65 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு 2025-26 வரியாண்டில் 148,217 ராண்ட் வரை வரி இல்லாமல் இருந்தது. உதவித்தொகைதான் வேறு விஷயம், அது சாசா என்ற அரசு அமைப்பு வருமானம் பார்த்துத் தருவது. "சாசாவிடம் சொல்ல வேண்டாம்" என்று ஏஜென்சியில் ஒருவர் யோசனை சொன்னார், எனக்குக் கோபம் வந்துவிட்டது. பின்னால் தெரிந்தால் அந்த மனிதர் வந்து நிற்பாரா? நான் போய்ச் சொல்லிவிட்டேன், என் தொகை குறையவில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு இதைவிட நல்லது மெட்ரிக் (பள்ளி இறுதி) தேர்வு மேற்பார்வை, அக்டோபர், நவம்பரில் வரும், பக்கத்துப் பள்ளிகளில் கேட்டுப் பாருங்கள்.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். இந்த நவம்பரிலும் போவேன், அந்தப் பெண் பிள்ளை அங்கே இருந்தால்.