பழைய பிக்கப் எடுக்கப் போறீங்களா? முதலில் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள்

நேற்று சாயங்காலம்தான் வயரிங் கடையில் கடைசிப் பாக்கியைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்தேன். இதுவரை ஆன மொத்தச் செலவு 47,300 ரூபாய். வண்டி வாங்கி 26 நாள்தான் ஆகிறது. பழைய வண்டி எடுக்கிறவர்கள் பார்க்க வேண்டியது பத்துப் பதினைந்து விஷயம் இருக்கிறது, எல்லாவற்றையும் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு அடிக்கிறவன். இத்தனை நாள் வாடகை வண்டி. சொந்தமாக ஒன்று இருக்கட்டும் என்று பழைய வண்டி விற்கிற ஆப்பில் பார்த்து, பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி விற்றுக் கொடுக்கிற கடையில், போய் நின்றேன். பேர் போடவில்லை, போட்டால் அடுத்த பஞ்சாயத்து அதற்கு ஓடும். டீசல் பிக்கப், விலை 4,35,000. நான் போனபோதே இன்ஜின் சூடாக இருந்தது. ஆறினால் ஸ்டார்ட் ஆகாத வண்டியும் சூட்டில் ஸ்டார்ட் ஆகிவிடும், அப்போதே உறைத்திருக்க வேண்டும். கடையில் இருந்த ஆள் சாவியைத் திருப்பினார், பட்டென்று ஸ்டார்ட் ஆனது. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் போட்டுக் காட்டினார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பார்க்காமல் வாங்கினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அங்கே ஒரு முழ நீளத்துக்குப் புதுசாகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பழைய வண்டியில் எல்லாம் தூசி படிந்திருக்க, இது மட்டும் பளபளவென்று. "இது என்னங்க?" என்று கேட்டேன். "எலி கடிச்சிருச்சுங்கண்ணா, ரெண்டு வயருதான், நம்ம பையன் டேப் போட்டுட்டான். மத்தபடி கம்பெனி வயரிங், யாரும் கை வைக்கல. உங்களுக்குப் பொய் சொல்லி நான் எங்க போகப் போறேன்" என்றார். சொல்லும்போதே டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். என் சம்சாரம் பக்கத்தில் நிற்கிறாள், பூசைக்குக் கற்பூரம் வந்துவிட்டது, அந்த நேரத்தில் டேப்பைப் பிரிச்சுக் காட்டுங்க என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அங்கேதான் ஏமாந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. போன் அடித்தேன். "பேட்டரி வீக்காயிருக்கும்ணா, மாத்திருங்க, ஜம்முனு ஓடும்." 6,800 கொடுத்துப் புதுசு போட்டேன். ஒரு நாள் விட்டு அதுவும் இறங்கிவிட்டது. அப்புறம் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்க ஆரம்பித்தது. திரும்பவும் போன். "ஓனர் ஊர்ல இல்லீங்க, வந்ததும் பேசச் சொல்றேன்." அந்த ஓனர் இன்று வரை எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் ராத்திரி ரெண்டு மணி. தக்காளி ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி போகிறேன். மடத்துக்குளம் தாண்டியதும் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் இன்ஜின், லைட் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தது. பின்னால் ஒரு டாரஸ் லாரி வந்தது. அவர் லைட்டில் என்னைப் பார்த்து ஒடித்ததால் இதை எழுதுகிறேன். ரெக்கவரி வண்டிக்கு 3,500. தக்காளி வெயில் ஏறிப் போய்ச் சேர்ந்ததில் 5,500 கழிவு.

வயரிங் கடைத் தம்பி டேஷ்போர்டைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். டேப்புக்குள் 11 ஜாயிண்ட், எல்லாம் கையால் முறுக்கியது, ஒன்றில்கூட ஈயப்பற்று இல்லை. மூன்று இடத்தில் வீட்டுக்குப் போடுகிற வயர்! பியூஸ் பாக்ஸில் சிவப்பு 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை 30 ஆம்பியர். இன்னொன்றில் பியூஸே இல்லை, செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஷார்ட் ஆனால் பியூஸ் போகாது, வயர்தான் எரியும். ஹெட்லைட்டின் முழுக் கரண்டைத் தாங்குகிற ரிலேயைத் தூக்கிவிட்டு நேராக ஸ்விட்சில் கொடுத்ததால் ஸ்விட்ச் உருகிப்போயிருந்தது. இக்னிஷன் லைனை வெட்டி ஒட்டியிருந்ததைப் பார்த்து, "அண்ணா, இது ஃபைனான்ஸ்காரங்க வெக்கிற ஜிபிஎஸ்ஸப் புடுங்குன தடம் மாதிரி இருக்கு, தவணை கட்டாம புடிச்சுட்டு வந்த சீஸிங் வண்டியா இருக்கும்" என்றான். அந்த ஜாயிண்ட் லூஸாகித்தான் நடுரோட்டில் நின்றது. பேட்டரி ஏன் இறங்கியது தெரியுமா? சீட்டுக்குப் பின்னால் பாட்டு செட்டின் ஆம்ப்ளிஃபயர், சாவியை எடுத்த பிறகும் அணையாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மீட்டர் வைத்தால் 2.8 ஆம்பியர். வண்டி சும்மா நிற்கும்போது 0.05 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாதாம். பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மினுக்கியது பின்பக்க லைட்டுகளின் எர்த் வயர் துருப்பிடித்ததால். வயரிங் கிட் 18,000, கூலி 9,000, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் வேலை 4,500. பேட்டரி, ரெக்கவரி, தக்காளி எல்லாம் சேர்த்தால் அந்த 47,300.

பில்லை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதே ஆள், "எலக்ட்ரிக்கலுக்கு எந்த கன்சல்டிங்லயும் கேரண்டி இல்லீங்கண்ணா, நாங்க நடுவுல இருக்கறவங்க, ஆர்சி பழைய ஓனர் பேர்லதான இருந்துச்சு" என்று, நான் கையெழுத்துப் போட்ட டெலிவரி லெட்டரைக் காட்டினார். 'உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்.' கற்பூரம் எரியும்போது நீட்டிய பேப்பர் அது. பாதியாவது கொடுங்கள் என்றதற்கு, பார்க்கலாம் என்றார். இப்போது போனே எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

பத்துப் பதினைந்து விஷயம் என்று சொன்னேன், ராத்திரி லோடு இருக்கிறது, முடிந்ததை எழுதுகிறேன். வண்டி பார்க்கப் போனால் இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் மறுநாள் சொல்லாமல் போங்கள். பியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்து, மூடியில் போட்டிருக்கும் ஆம்பியரும் உள்ளே இருக்கும் கலரும் ஒன்றா என்று பாருங்கள். புது டேப் இருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் வந்துவிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனுக்கு ஐந்நூறு கொடுத்துக் கூட்டிப் போங்கள். நான் அந்த ஐந்நூறை மிச்சம் பிடித்தவன்.

இன்னொன்று, பழைய வண்டி விற்கிறவர்கள் ஆர்டிஓவில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் இருந்து விதி இருக்கிறது, நடுவில் இருக்கிறேன் என்று கை கழுவுகிறவரிடம் அதைக் கேளுங்கள். நான் கேட்டபோது ஆள் எழுந்து உள்ளே போய்விட்டார். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். சொந்தப் பிழைப்புக்கு வாங்கிய வண்டி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், வண்டி விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. திங்கட்கிழமை திண்டுக்கல் போகிறேன். வெட்டி எடுத்த அந்தப் பழைய வயரைத் தூக்கிப் போடாமல் ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.