கார் ரேடியோ "கோட்" கேட்டா செட்டு செத்துருச்சுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க – 18,500 ரூபா போச்சு

வயித்தெரிச்சல் அடங்குறதுக்குள்ள எழுதிடுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க. மதுரையில ஒரு கார் ஆக்சஸரீஸ் கடை. பேர் போடல. பெரிய போர்டு, கண்ணாடிக் கதவு, ஏசி, தினம் இன்ஸ்டாவுல ரீல்ஸ் போடுற டைப்பு கடை. என் வண்டில கம்பெனில இருந்தே வந்த ரேடியோவ கழட்டி அவனே எடுத்துக்கிட்டு, 18,500 ரூபாய்க்கு ஒரு ஒண்ணுக்கும் உதவாத ஆண்ட்ராய்டு செட்ட மாட்டி அனுப்பிட்டான். பழைய செட்டுல ஒரு கோளாறும் இல்லைங்க. நாலு நம்பர் அடிச்சிருந்தா பாடியிருக்கும், அம்புட்டுதான்.

வண்டி 2014 ரெனோ டஸ்டர், டீசல், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. அதுல டேஷ்போர்டோட சேந்தே வர்ற செட்டு, டச் ஸ்கிரீன்லாம் கிடையாது, திருகுற நாப், கீழ நம்பர் போட்ட பட்டன், யுஎஸ்பி, ப்ளூடூத். பாக்க பழசு, ஆனா அந்த செட்டு எடுக்குற எஃப்எம் இருக்கே, மதுரையில இருந்து தேனி போற வழி பூரா கொடைக்கானல் 100.5 துளி இரைச்சல் இல்லாம கேக்கும். ஸ்டேஷன புடிச்சு நம்பர் பட்டன கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிச்சா சேவ் ஆயிரும், அப்பறம் கண்ணை மூடிக்கிட்டே மாத்தலாம். ஸ்டியரிங்குக்கு பின்னாடி ஒரு குட்டி கைப்புடி இருக்கும், அதுல வால்யூம் ஏத்த ஒண்ணு எறக்க ஒண்ணு, ரெண்டையும் சேத்து அமுக்குனா மியூட், பின்னாடி ஒரு உருளை, அதைத் திருப்புனா அடுத்த ஸ்டேஷன். ரோட்டுல இருந்து கண்ண எடுக்கவே வேணாம். எங்க அப்பாவுக்கு ஆண்ட்ராய்டும் தெரியாது ஆப்பும் தெரியாது, முன் சீட்டுல உக்காந்தா ஒண்ணாம் நம்பர் பட்டன அமுக்குவாரு, கொடை எஃப்எம் பாடும், அவருக்கு அது போதும்.

போன மாசம் பேட்டரி படுத்துருச்சு. வீட்டு வாசல்லயே ஆள் வந்து புது பேட்டரி மாத்திட்டு போயிட்டாரு, அவரு மேல ஒண்ணும் குத்தம் இல்ல. வண்டி எடுத்தா எல்லாம் சரி, ரேடியோ மட்டும் பாடல, டிஸ்பிளேல கோட் போடச் சொல்லி கேக்குது, நாலு கட்டம் தெரியுது. பழைய ஓனர் குடுத்த மேனுவல் பையில தேடுனேன், கோட் எழுதுன கார்டு எதுவும் இல்ல. சரி, ரேடியோ வேலை பாக்குற இடத்துல கேப்போம்னு அந்தக் கடைக்குப் போனேன்.

இப்ப நினைச்சாலும் கை நடுங்குது, அந்தாளு எம்புட்டு பாசமா பேசுனான் தெரியுமா. "வாங்கண்ணே, உக்காருங்கண்ணே, டேய் அண்ணனுக்கு டீ சொல்றா"ன்னு ஆரம்பிச்சான். எந்த ஊருன்னான், உசிலம்பட்டி பக்கம்னேன், "அட எங்க சித்தப்பா வீடு அங்கதான்ணே, அப்ப நீங்க நம்மாளு"ன்னான். அவனே வந்து வண்டில உக்காந்தான், சாவியப் போட்டான், செட்டுல ஏதோ நாலு நம்பர தட்டுனான், தட்டிட்டு ஒரு பட்டன அமுக்கிப் புடிச்சான். ஸ்கிரீன்ல தப்புன்னு வந்து செட்டு அப்படியே நின்னு போச்சு, எந்த பட்டன அமுக்குனாலும் அசையல. என் பக்கம் திரும்பி, தலைய லேசா ஆட்டி, "பாத்தீங்களாண்ணே, உள்ள போர்டு அடிச்சிருச்சு. பேட்டரி மாத்துனவன் பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்துருப்பான்"ன்னான். டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு பக்குவமா எடுத்துச் சொல்ற மாதிரி சொன்னான். யாரா இருந்தாலும் நம்புவாங்க.

சரி பண்ண முடியாதான்னு கேட்டேன். "பழைய கம்பெனி செட்டுக்கு போர்டே வராதுண்ணே, சர்வீஸ் சென்டருக்குப் போனா புதுசா மாத்தச் சொல்லி முப்பதாயிரம் தீட்டிருவாங்க, உங்களுக்காக சொல்றேன் 19,000க்கு 9 இன்ச் ஆண்ட்ராய்டு போட்டுருவோம், 4 ஜிபி ரேம், 64 ஜிபி, ஆண்ட்ராய்டு 13, ஸ்டியரிங் கன்ட்ரோல் வேலை செய்யும், எஃப்எம் இதைவிட நல்லா எடுக்கும், ஒரு வருஷ வாரண்டி"ன்னு மூச்சு விடாம அடுக்குனான். பழைய செட்டுக்கு ஸ்கிராப் ரேட்டுன்னு 500 ரூபா கழிச்சான். ஆக 18,500. ஜிபேல போட்டுட்டேன். பில்லு கேட்டதுக்கு "ஜிஎஸ்டி பில்லுன்னா ரேட்டு ஏறும்ணே, நமக்குள்ள எதுக்கு"ன்னு விசிட்டிங் கார்டு பின்னாடி "1 வருடம் வாரண்டி"ன்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தான். அந்த கார்டு இப்பவும் என் பர்ஸ்லதான் இருக்கு.

அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சு போச்சு. கொடை எஃப்எம் வரல. வெறும் இரைச்சல். ஊருக்குள்ள இருக்குற சூரியன் 93.5, ஹலோ 106.4 வருது, அதுவும் பாலத்துக்கு கீழ போனா போயிருது. ஸ்டியரிங் பின்னாடி கைப்புடி செத்துருச்சு, எதை அமுக்குனாலும் ஒண்ணும் ஆகல. ரேடியோ மாத்தணும்னா ஸ்கிரீன்ல ஆப்ப தேடித் தொறக்கணும், அது தொறக்குறதுக்குள்ள சிக்னல் விழுந்துருது. மேப்பு போட்டுக்கிட்டே பாட்டு போட்டா தொங்கிருது. ரெண்டு நாள் வண்டிய எடுக்காம நிப்பாட்டி வச்சிருந்தேன், காலைல ஸ்டார்ட்டே ஆகல. புது பேட்டரிங்க! பக்கத்து வீட்டு வண்டில இருந்து ஜம்பர் குடுத்து எடுத்தோம். அப்பா முன் சீட்டுல உக்காந்து ஒண்ணாம் நம்பர் பட்டன் இருந்த எடத்த விரலால தடவிப் பாத்துட்டு, "இது என்னப்பா, டிவி மாட்டிட்டியா"ன்னாரு. அப்பறம் அவரு ரேடியோ கேக்கவே இல்ல.

இதுக்கு மேலதான் அந்தக் கடைக்காரனோட சுயரூபம். முதல்ல போனப்ப "அப்டேட் வரும்ணே, வந்ததும் எல்லாம் சரியாயிரும்"ன்னான். எஃப்எம்முக்கு என்னய்யா அப்டேட்டு? அடுத்து போனா "எஃப்எம் எல்லாம் இப்ப யாருண்ணே கேக்குறா, ப்ளூடூத்துல போடுங்க"ன்னான். பேட்டரி எறங்குதுன்னு சொன்னா பேட்டரிக்காரன் மேல பழிய போட்டான். அதுக்கப்பறம் போனா ஓனர் ஊர்ல இல்ல, ஓனர் கல்யாணத்துக்கு போயிருக்காரு, ஓனர் சாப்புட போயிருக்காரு. வாட்ஸ்அப்புல வீடியோ எடுத்து அனுப்புனேன், ப்ளூ டிக்கு விழுது, பதிலு இல்ல. அன்னைக்கு சாயங்காலமே புதுசா ரீல்ஸ் போடுறான், "கஸ்டமர் ஹேப்பி நாமளும் ஹேப்பி"ன்னு. கீழ கமெண்ட்ல கேட்டேன், பிளாக் பண்ணிட்டான். டீ வாங்கிக் குடுத்த அதே பையன் இப்ப என்னப் பாத்தா உள்ள போயிர்றான்.

கடைசில ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனேன், வயசானவரு, ரோட்டோரம் சின்ன ஷெட்டு. அவரு ஸ்கிரீன கழட்டி பின்னாடி பாத்துட்டு "யாருப்பா இந்த வேலைய பாத்தது"ன்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. செட்டையும் வண்டி வயரையும் சேக்குற பிளக்கு, அந்த கம்பெனி கப்ளர அப்படியே வெட்டி எறிஞ்சுட்டு வயர முறுக்கி இன்சுலேஷன் டேப்பு சுத்தி வச்சிருக்கானுங்க. சில நூறு ரூபாய்க்கு வண்டிக்கேத்த கப்ளர் கிடைக்குது, அதைப் போட்டிருந்தா ஒரு வயரக்கூட வெட்ட வேண்டியதில்ல. மஞ்ச வயர் எப்பவும் கரண்ட் இருக்குறதுக்கு, சிவப்பு வயர் சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்றதுக்கு, இவனுங்க ரெண்டையும் ஒண்ணா முறுக்கி நேரா பேட்டரி லைன்ல குடுத்துட்டானுங்க. அதனால சாவிய எடுத்தாலும் செட்டு தூங்காம கரண்ட உறிஞ்சிக்கிட்டே இருந்திருக்கு. மேல இருக்குற ஆன்டெனாவுக்கு ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் இருக்காம், அதுக்கு செட்டுல இருந்து 12 வோல்ட் போனாதான் தூரத்து ஸ்டேஷன் எடுக்கும், அந்த நீல வயர கனெக்ட்டே பண்ணாம மடிச்சு விட்ருக்கான். கைப்புடில அமுக்குறத புது செட்டுக்குப் புரிய வைக்க டீகோடர்னு தனியா ஒரு பெட்டி வேணும், அது வைக்கவே இல்ல. கூட இருந்த பையன் போன்ல இருந்து சிபியு-இஸட்ங்குற ஆப்ப செட்டுல ஏத்திப் பாத்தான். செட்டிங்ஸ்ல ஆண்ட்ராய்டு 13, 4 ஜிபின்னு காட்டுது, இதுல பாத்தா 1 ஜிபிதான் ரேம், ஆண்ட்ராய்டும் பழசு. செட்டிங்ஸ் பக்கத்துலயே பொய்ய எழுதி வச்சு விக்கிறானுங்க.

அப்பறம்தான் அவரு கேட்டாரு, "பழைய செட்டுக்கு என்ன ஆச்சு?" சொன்னேன். கோட் கேட்டுச்சுன்னதும் அவரு நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. திருட்டுக்குப் பயந்து கம்பெனியே வைக்கிற பூட்டுங்க அது. செட்டுக்கு கரண்ட் அத்துப்போய் திரும்ப வந்தா கோட் கேக்கும், திருடிட்டுப் போனவன் வேற வண்டில மாட்ட முடியக்கூடாதுன்னு. பேட்டரி மாத்துனா கேக்கத்தான் செய்யும். செட்ட வெளிய இழுத்தா அதோட உடம்புல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஒரு எழுத்தும் மூணு நம்பரும், அதையும் ஆர்சி புக்கையும் சர்வீஸ் சென்டர்ல கொண்டுபோய்க் காட்டுனா கோட் எடுத்துக் குடுத்துருவாங்களாம். தப்பா அடிச்சா செட்டு கொஞ்ச நேரம் பூட்டிக்கும், திரும்பத் திரும்ப தப்பா அடிச்சா அந்த நேரம் கூடிக்கிட்டே போகும், சாவியப் போட்டு சும்மா விட்டா தானா தொறந்துரும். அப்ப அந்தாளு என் வண்டில உக்காந்து தட்டுனது வேணும்னே தப்பு நம்பர். செட்டு பூட்டிக்கிட்டதத்தான் எனக்கு போர்டு அடிச்சிருச்சுன்னு காட்டிருக்கான். தொழில் தெரியாம சொல்லல, தெரிஞ்சே சொல்லிருக்கான். 500 ரூபாய்க்கு அவன் வாங்குன அந்த "ஸ்கிராப்" செட்டு, வேலை செய்யிற நெலமைல ஆயிரக்கணக்குல போகுமாம்.

நேரா கடைக்குப் போனேன். பழைய செட்ட குடு, இதைக் கழட்டிக்க, என் 18,500 ரூபாய குடுன்னேன். "அத அன்னைக்கே ஸ்கிராப்புக்கு போட்டாச்சே"ன்னான். வாரண்டி கார்ட காட்டுனேன், "வெளி ஆளு கை வச்சுட்டான்ல, வாரண்டி போச்சு"ன்னான். நம்மாளுன்னு டீ குடுத்தவன் இப்ப "என்ன சார் வேணும் உங்களுக்கு"ங்குறான். சத்தம் போட்டேன், "எங்க வேணா போய் சொல்லு"ன்னு ஷட்டர பாதி எறக்கிட்டான்.

சொல்லிருக்கேன். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிஞ்சாச்சு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போறேன், 5 லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸ் கிடையாது. 18,500 ரூபாய விட்றதா இல்ல. ஜிபே ரசீது, கார்டுல கையெழுத்து, அவன் பாத்துட்டு பதில் போடாத வீடியோ எல்லாம் பத்திரமா இருக்கு.

விவரமா டிப்ஸ் எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல, தலை வலிக்குது. சுருக்கமா: கோட் கேட்டா முதல்ல மேனுவல் பைய, டேஷ்போர்டு டிராவ பாருங்க, கார்டு இருந்தா இப்பவே போட்டோ எடுத்து வச்சுக்கங்க, இல்லைன்னா சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. கடைக்காரன் நம்பர் தட்ட விடாதீங்க. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குறப்பவே ரேடியோ கோட கேட்டு வாங்குங்க. ஆண்ட்ராய்டு செட்டு போட்டே ஆகணும்னா வயர வெட்டாம கப்ளர் போடச் சொல்லுங்க, பக்கத்துலயே நில்லுங்க, கடைய விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி தூரத்து எஃப்எம் ஒண்ணு வருதா, ஸ்டியரிங் பட்டன் வேலை செய்யுதான்னு பாத்துட்டு காசு குடுங்க. பில்லு இல்லாம பைசா குடுக்காதீங்க. பழைய செட்ட எக்சேஞ்சுல குடுத்துறாதீங்க, வீட்டு பரண்ல கிடந்தாலும் கிடக்கட்டும்.

யாராவது டஸ்டர்ல கம்பெனி செட்ட கழட்டி சும்மா வச்சிருந்தா சொல்லுங்க, ஸ்டிக்கர் நம்பர் அழியாம இருக்கணும். நியாயமான ரேட்டு குடுத்து வாங்கிக்கிறேன், அப்பாவுக்கு கொடை எஃப்எம் வேணும்.